வீட்டுக்குப் புதிய மடிக்கணினி: கடைக்குப் போக முன் பழைய பெட்டியைத் திறந்து பாருங்கள்

எங்கள் வீட்டு வரவேற்பறையின் மூலையில் 2012 இல் வாங்கிய மேசைக் கணினி ஒன்று இருந்தது. வாங்கும்போது அதில் விண்டோஸ் 7. பின்னர் இலவசமாகக் கிடைத்த விண்டோஸ் 10 ஐ ஏற்றினோம். பிள்ளைகள் இருவரும் அதில்தான் பாடம் செய்து வளர்ந்தார்கள். அவர்களுக்குத் தனித்தனி மடிக்கணினியும் கைத்தொலைபேசியும் வந்தபிறகு அந்தப் பெட்டி அப்பாவுடையதாகிவிட்டது. காலையில் பொத்தானை அமத்திவிட்டு, சாமி அறையில் விளக்கேற்றி, தேநீரும் ஊற்றிக்கொண்டு அவர் வந்து அமரும்போதுதான் திரை தயாராகியிருக்கும்.

2025 இலையுதிர் காலத்தில் அந்தத் திரையில் ஓர் அறிவித்தல் வரத் தொடங்கியது. இந்தக் கணினிக்கான ஆதரவு முடிகிறது, விண்டோஸ் 11 க்கு மாறுங்கள் என்றது. மாறப் பார்த்தால், உங்கள் கணினி அதற்குத் தகுதியற்றது என்றும் அதுவே சொன்னது.

“உது நல்லாத்தானே வேலை செய்யுது. பிறகேன் மாத்துவான்?” என்றார் அப்பா.

“அப்பப்பா, அது வேலை செய்யுறதுதான் பிரச்சினை. நீங்கள் அதிலைதானே பாங்குக்குள்ளை போறீங்கள்” என்றாள் மகள்.

இருவர் சொன்னதும் சரி. யேர்மனியில் எங்களுக்குத் தெரிந்த பல தமிழ் வீடுகளில் இதே பேச்சு நடந்திருக்கிறது. இலண்டனில் இருக்கும் தம்பி வீட்டிலும் நடந்தது. நாங்கள் கணினித் துறையினர் அல்ல. வீட்டுத் தேவைக்காகத் தேடித் தெரிந்துகொண்டதையும், பல ஆண்டுகளுக்கு முன் ஒருமுறை பட்ட நட்டத்தையும் சேர்த்து இங்கே எழுதுகிறோம்.

முதலில் அந்த அறிவித்தலின் பொருள். விண்டோஸ் 10 க்கான பொதுவான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் முடிந்தது. அன்றோடு கணினி நின்றுவிடாது. வழமைபோல இயங்கும். ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் இற்றைப்படுத்தல்கள் அதற்கு இயல்பாக வராது. கூரையில் ஓடு விலகினால் மழை வரும்வரை தெரியாதல்லவா, அப்படித்தான். கடிதம் தட்டச்சு செய்பவருக்கு அது பெரிதாக உறைக்காது. வங்கிக் கணக்கையும் வரி அலுவலகத்தின் இணையத்தளத்தையும் அதே கணினியில் திறப்பவருக்கு உறைக்கும்.

உடனே பதறிப்போய் வாங்கவும் தேவையில்லை. தனிநபர்களுக்கு ஓர் ஆண்டு நீட்டிப்பை மைக்ரோசொப்ட் அறிவித்தது. 2026 ஒக்டோபர் 13 வரை முக்கியமான பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். யேர்மனி, பிரான்ஸ், நோர்வே, டென்மார்க் போன்ற ஐரோப்பியப் பொருளாதார வலய நாடுகளில் இருப்பவர்களுக்கு மைக்ரோசொப்ட் கணக்கு ஒன்றுடன் இது இலவசம். பிரித்தானியா, சுவிஸ், கனடா, அவுஸ்திரேலியா இந்த வலயத்துக்குள் இல்லை. அங்கிருப்பவர்கள் தங்கள் கணினி அமைப்புகளை இணையச் சேமிப்பகத்துடன் ஒத்திசைத்துப் பெறலாம், அல்லது 30 அமெரிக்க டொலர் அளவில் கட்டணம் செலுத்திப் பெறலாம். உறவுகள் ஐந்து நாட்டில் இருக்கிற எங்களுக்குள் இதனாலேயே குழப்பம். “எனக்குச் சும்மா வந்தது, உனக்கு ஏன் காசு கேட்குது?” என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தோம்.

விண்டோஸ் 11 ஏன் பழைய கணினிகளை ஏற்பதில்லை என்றால், அது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லையும் குறிப்பிட்ட தலைமுறைக்குப் பிந்திய செயலியையும் கேட்கிறது. இன்ரெல் செயலி என்றால் எட்டாம் தலைமுறையும் அதற்குப் பின்னரும். சுருக்கமாக, 2018 க்கு முன் வாங்கிய கணினி பெரும்பாலும் தேறாது. அதற்குப் பின் வாங்கியது தேறலாம். சில வேளைகளில் அந்தச் சில்லு உள்ளே இருந்தும் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். மைக்ரோசொப்டின் பிசி ஹெல்த் செக் என்ற இலவச மென்பொருள் பார்த்துச் சொல்லும். ஆறு, ஏழு வயதுக் கணினியை மெதுவாக இருக்கிறது என்பதற்காக மட்டும் மாற்ற நினைப்பவர்கள், உள்ளே சுழலும் வன்தட்டு இருந்தால் அதை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடச் சொல்லிப் பாருங்கள். செலவு புதிய கணினியின் சிறு பகுதிதான். வேகத்தில் வரும் மாற்றத்தை நம்ப முடியாது. லினக்ஸ் ஏற்றுவதும் ஒரு வழி. தமிழ் அதில் நன்றாகவே இயங்கும். ஆனால் வீட்டில் அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். எங்கள் வீட்டில் அந்த ஆள் வேறு நகரத்தில் படிக்கிறாள்.

ஆக, புதிதாக ஒன்று வாங்குவதென்று முடிவாயிற்று. இந்த இடத்தில்தான் நாங்கள் கடைக்குப் போகாமல் பழைய பெட்டியின் முன் இரண்டு வார இறுதிகளைச் செலவிட்டோம். அதற்குக் காரணம் முன்னர் பட்ட நட்டம்.

2012 இல் இந்தக் கணினியை வாங்கியபோது அதற்கும் முந்திய கணினி ஒன்று வீட்டில் இருந்தது. தொண்ணூறுகளில் ஊரிலிருந்து அம்மம்மா ஒலிநாடாவில் பேசி அனுப்பிய கடிதங்களை அதில் பதிந்து வைத்திருந்தோம். தொலைபேசி வசதி இல்லாத காலத்தில் யாராவது கொழும்புக்கு வரும்போது கொடுத்துவிடுவார். ஆட்டுக்குட்டி போட்டதிலிருந்து ஷெல் விழுந்த இடம் வரை ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டு போவார். கணினியில் ஏற்றியாயிற்று என்று நாடாக்களை எறிந்துவிட்டோம். புதியது வந்ததும் ‘எனது ஆவணங்கள்’ என்ற கோப்புறையை மட்டும் படியெடுத்துக்கொண்டு பழையதை நகரசபையின் கழிவு சேகரிக்கும் இடத்தில் கொண்டுபோய்க் கொடுத்தோம். ஒலிப்பதிவுகள் அந்தக் கோப்புறையில் இருக்கவில்லை. வன்தட்டை இரண்டாகப் பிரித்திருந்த மற்றப் பகுதியில் இருந்தன. மூன்று மாதம் கழித்து, அம்மம்மாவின் ஆண்டுத் திவசத்துக்கு அவருடைய குரலைப் போடுவோம் என்று தேடியபோதுதான் தெரிந்தது. யாரையும் குறை சொல்ல முடியாது. கொண்டுபோய்க் கொடுத்தது நாங்கள்.

வீட்டுக் கணினிக்குள் என்ன இருக்கிறது என்று இந்த முறை அப்பாவும் நாங்களும் ஒரு தாளில் எழுதினோம். சோடா நிறுவனத்தின் நாட்காட்டிக்குப் பின்பக்கம் முழுவதும் நிரம்பிவிட்டது. காணி உறுதிகளின் ஸ்கான். பிறப்புச் சான்றிதழ்கள், அவற்றின் யேர்மன் மொழிபெயர்ப்புகள். அகதி விண்ணப்பக் காலத்துக் கடிதங்கள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு அப்பா பல ஆண்டுகளாகத் தயாரித்த பயிற்சித் தாள்கள். அம்மாவின் முப்பத்தொராம் நாளுக்கு அவரே தட்டச்சு செய்த நினைவு மலர். பின்னர் படங்கள். 1995 இடப்பெயர்வில் எங்கள் வீட்டு அல்பங்கள் எல்லாம் போய்விட்டன. அதற்கு முன்னர் வெளிநாட்டில் இருந்த உறவினர்களுக்கு அனுப்பியிருந்த படங்களைத்தான் ஒவ்வொருவரிடமும் வாங்கி ஸ்கான் செய்து வைத்திருக்கிறோம். அம்மாவின் கலியாணப் படத்துக்கு உலகில் வேறு பிரதி இருப்பதாக எங்களுக்குத் தெரியாது.

இதில் பெரிய சிக்கல் படங்கள் அல்ல. படங்களைப் படியெடுத்தால் போதும், எந்தக் கணினியிலும் திறக்கும். சிக்கல் அப்பாவின் எழுத்துகளில் இருந்தது. அவை எல்லாம் பாமினி.

எங்கள் தலைமுறைக்கும் அதற்கு முந்தியவர்களுக்கும் பாமினி என்றால் விளக்கத் தேவையில்லை. கோவில் துண்டுப்பிரசுரம், கலியாண அழைப்பிதழ், மரண அறிவித்தல், ஒன்றியங்களின் ஆண்டு மலர் எல்லாமே அதில்தான் வந்தன. ஆனால் அது எப்படி வேலை செய்தது என்பதைப் பலர் யோசித்திருக்க மாட்டோம். பாமினியில் தட்டச்சு செய்தபோது கணினி தமிழ் எழுத்தைச் சேமிக்கவில்லை. ஆங்கில எழுத்துகளையே சேமித்தது. அந்த ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வரைந்து காட்டும் வேலையை எழுத்துரு செய்தது. ‘அம்மா’ என்று நாம் தட்டினால் கணினிக்குள் கிடப்பது எம், கே, ஓர் அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகள். பாமினி எழுத்துரு இருக்கும் கணினியில் அது அம்மா. இல்லாத கணினியில் வாசிக்க முடியாத ஐந்து குறிகள், அவ்வளவுதான்.

யூனிகோட் எனப்படும் ஒருங்குறியில் தமிழ் எழுத்துகளுக்குத் தமக்கென எண்கள் உண்டு. அதனால் எந்த நாட்டுக் கணினியிலும் எந்தக் கைத்தொலைபேசியிலும் தமிழ் தமிழாகவே தெரிகிறது. இந்தப் பக்கத்தை நீங்கள் வாசிப்பதும் அப்படித்தான். புதிய மடிக்கணினியில் ஒருங்குறித் தமிழ் தானாகவே இருக்கும். பாமினி இருக்காது. பழைய கணினியை அணைத்துவிட்டுக் கோப்புகளை மட்டும் கொண்டுபோனால், அப்பாவின் பல ஆண்டு எழுத்து ஆங்கிலக் குப்பையாகத் திறக்கும். பிள்ளைகள் அதைப் பழுதான கோப்பு என்று நினைத்து அழித்துவிடவும் கூடும். இந்தப் பயம்தான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

நாங்கள் செய்தது இது. பழைய கணினி இன்னும் உயிரோடு இருக்கும்போதே, அதில் தமிழ் சரியாகத் தெரியும் நிலையில், ஒவ்வொரு முக்கியக் கோப்பையும் பிடிஎஃப் ஆகச் சேமித்தோம். பிடிஎஃப் எழுத்துருவையும் தன்னுள் சேர்த்து எடுத்துக்கொள்ளும் என்பதால் அது எங்கும் அதே தோற்றத்தில் திறக்கும். ஒன்றிரண்டை வேறு கணினியில் திறந்து சரிபார்த்தும் கொண்டோம். நினைவு மலர் பேஜ்மேக்கரில் செய்யப்பட்டிருந்தது. அந்த மென்பொருள் இன்று விற்பனையில் இல்லை. பழைய பெட்டியை அணைத்த பிறகு அந்தக் கோப்பைத் திறப்பதே சிரமமாகியிருக்கும். அதற்குப் பிறகு விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் எழுத்துருக்கள் பகுதியிலிருந்து பாமினியையும் மற்றத் தமிழ் எழுத்துருக்களையும் ஒரு பென்ட்ரைவில் எடுத்துவைத்தோம். புதிய கணினியில் அந்தக் கோப்பை இரண்டு முறை சொடுக்கி நிறுவினால் பழைய கோப்புகள் மறுபடி தமிழாகும்.

அடுத்தது ஒருங்குறிக்கு மாற்றுவது. பாமினியை ஒருங்குறியாக்கும் இலவச மாற்றிகள் இணையத்தில் பல உண்டு. இரண்டு எச்சரிக்கைகள். காணி விவரமோ குடும்பக் கடிதமோ உள்ள பக்கங்களை முன்பின் தெரியாத தளத்தில் கொண்டுபோய் ஒட்ட வேண்டாம், கணினியில் நிறுவிக்கொள்ளும் மாற்றிகளும் இருக்கின்றன. மற்றது, இடையில் வரும் ஆங்கிலச் சொற்களையும் முகவரிகளையும் மாற்றி தமிழ் என்று நினைத்துக் குழப்பிவிடும். ஆகவே வாசித்துப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். எல்லாத் தமிழ் எழுத்துருவும் பாமினி முறையும் அல்ல. அப்பாவிடமே மூன்று வகை இருந்தன. சொல்லைத் தெரிவுசெய்து, எழுத்துருவின் பெயரைப் பார்த்து, அதற்குரிய மாற்றியைத் தெரிந்தெடுக்க வேண்டும்.

இவ்வளவு மினக்கெட வேண்டுமா என்று நாங்களும் யோசித்தோம். அப்பாவின் கட்டுரை ஒன்றை மாற்றி மகளின் கைத்தொலைபேசிக்கு அனுப்பியபோது அவள் அதை வாசிக்கவில்லை. தமிழ் கதைப்பாள், எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். தொலைபேசியில் உள்ள வாசிக்கும் வசதியை அழுத்தி அதைக் கேட்டாள். ஒருங்குறியில் இருந்ததால் தொலைபேசி தமிழாக வாசித்தது. இயந்திரக் குரல்தான், ‘ழ’ வரும் இடத்தில் கொஞ்சம் தடுமாறியது. பாமினியில் இருந்திருந்தால் எம், கே, அரைப்புள்ளி என்றுதான் வாசித்திருக்கும்.

இனிக் கடைக்குப் போவோம்.

விற்பனையாளர் முதலில் காட்டுவது செயலியின் பெயரை. ஐ5 என்று ஒட்டியிருந்தால் நல்லது என்று நம்மவர்களிடையே ஒரு நம்பிக்கை இருக்கிறது. பத்து ஆண்டுப் பழைய ஐ5 உம் ஐ5 தான். தலைமுறையைக் கேளுங்கள். வீட்டு வேலைக்கு அண்மைக்கால இன்ரெல் கோர் 5, ஏஎம்டி ரைசன் 5 வகையில் எதுவும் போதும். மிக மலிவான மடிக்கணினிகளில் வரும் செலரோன் போன்ற சிறு செயலிகளைத் தவிர்த்துவிடலாம். ஆறு மாதத்தில் அலுப்புத் தரும். நினைவகம் 16 ஜிகாபைட் இருக்கட்டும். 8 உம் இன்றைக்கு ஓடும். ஆனால் பல மெல்லிய மடிக்கணினிகளில் நினைவகம் பலகையோடு ஒட்டப்பட்டிருப்பதால் பின்னர் கூட்ட முடியாது. நாம் ஒரு கணினியைப் பத்து ஆண்டு வைத்திருக்கிற ஆட்கள் என்பதை மறக்கக் கூடாது. சேமிப்புக்கு 512 ஜிகாபைட் எஸ்எஸ்டி. விலை குறைந்தவற்றில் இஎம்எம்சி என்று எழுதியிருந்தால் அது வேறு, மெதுவானது, அளவும் சிறியது.

திரையைப் பற்றி யாரும் எங்களிடம் சொல்லவில்லை, நாங்களே கண்டுகொண்டோம். தமிழ் எழுத்துக்கு நல்ல திரை தேவை. ஆங்கில எழுத்தைவிட நம் எழுத்தில் வளைவும் சுழியும் அதிகம். மெய்யெழுத்துக்கு மேலே இருப்பது ஒரு சிறு புள்ளி. 1366 க்கு 768 என்ற பழைய அளவுத் திரையில் சிறிய எழுத்தில் அந்தப் புள்ளி மங்கிவிடும். அப்பாவின் வயதில் இருப்பவருக்கு ‘க’ வா ‘க்’ கா என்று தெரியாது. அகலம் 1920 புள்ளிகளுக்குக் குறையாத, ஐபிஎஸ் வகைத் திரை பாருங்கள். பளபளப்பில்லாத மேற்பரப்பு நல்லது, யன்னலும் மின்குமிழும் அதில் முகம் பார்க்காது. கடையில் காட்டும் காணொளியை நம்பாமல், இணைய உலாவியைத் திறந்து ஒரு தமிழ்ச் செய்தியை எடுத்து, வயதானவரையே முன்னால் இருத்தி வாசிக்கச் சொல்லுங்கள். நாங்கள் அப்படிச் செய்தோம். அப்பா மூன்று செய்தி வாசித்துவிட்டார். விற்பனையாளர் பொறுமையாக நின்றார்.

அடுத்தது விசைப்பலகை. இது புலம்பெயர்ந்தவர்களுக்கே உரிய தலையிடி. யேர்மன் விசைப்பலகையில் ஒய்யும் இசட்டும் இடம் மாறியிருக்கும். பாமினி முறையில் ஒய் என்றால் ‘ல’, இசட் என்றால் ‘ண’. அதனால் அப்பா ‘பலம்’ என்று நினைத்து அடித்தால் ‘பணம்’ என்று வரும். அதைவிடப் பெரிய தொல்லை, பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளிக்குரிய அரைப்புள்ளி விசை இருக்கும் இடத்தில் யேர்மன் விசைப்பலகையில் ‘ஓ’ உம்லவுட் இருப்பது. ஒவ்வொரு மெய்யெழுத்துக்கும் இரண்டு விசை அழுத்தவேண்டி வரும். பிரான்சில் இருப்பவர்களுக்கு இதைவிடக் கூடுதல் இடமாற்றம். தீர்வு எளிது. விண்டோஸ் அமைப்புகளில் ஆங்கில விசைப்பலகையையும் சேர்த்துவிட்டால் வேண்டியபோது மாற்றிக்கொள்ளலாம். அச்சிட்டிருக்கும் எழுத்தைப் பார்க்காமல் அடிக்கத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அப்பாவுக்குத் தெரியும்.

ஒருங்குறியில் எழுத விண்டோஸிலேயே தமிழ் விசைப்பலகைகள் உண்டு. ஆங்கில ஒலிப்பு முறையில் அடிக்கும் வசதியும் அதில் இருக்கிறது. பாமினி விசை அமைப்பில் பழகிய கைகளை மாற்றத் தேவையில்லை. என்எச்எம் ரைட்டர் போன்ற இலவச மென்பொருளில் பாமினி அமைப்பைத் தெரிவுசெய்தால், விரல் பழைய வழியில் போகும், திரையில் ஒருங்குறி வரும். எழுபது வயதுக்கு மேல் ஒருவரை வேறு முறை பழகச் சொல்வது நியாயமில்லை. இதற்காகவே ஒரு விடயத்தைக் கவனியுங்கள். மலிவான சில மடிக்கணினிகளில் விண்டோஸ் ‘எஸ்’ நிலையில் வரும். அதில் மைக்ரோசொப்ட் கடையில் உள்ள மென்பொருள் மட்டுமே ஏறும். அந்த நிலையிலிருந்து காசில்லாமல் வெளியே வரலாம், திரும்பிப் போக முடியாது. போகவும் தேவையில்லை.

அப்பிள் மடிக்கணினி வாங்க வசதியுள்ளவர்களுக்குத் தமிழ் ஒரு தடையல்ல. அஞ்சல், தமிழ்99 என்ற இரண்டு விசைப்பலகைகளும் அதிலேயே இருக்கின்றன. மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் உருவாக்கியவை. குரோம்புக் பிள்ளைகளின் பள்ளித் தேவைக்கு நல்லது, விலையும் குறைவு. ஆனால் விண்டோஸ் மென்பொருள் அதில் நேரடியாக ஓடாது, பழைய எழுத்துருவை நிறுவுவதும் எளிதல்ல. பாமினிக் கோப்பு உள்ள வீட்டுக்கு ஒத்துவராது. ஸ்னப்டிராகன் செயலியுடன் வரும் விண்டோஸ் மடிக்கணினிகளில் மின்கலம் நீண்ட நேரம் நிற்கும். ஆனால் வீட்டில் இருக்கும் பழைய பிரின்ரர், ஸ்கானர் அதோடு சேருமா என்று வாங்குமுன் பாருங்கள். உறுதி ஸ்கான் செய்ய முடியாத கணினியால் எங்களுக்கு என்ன பயன்?

பக்கத்தில் இருக்கும் துளைகளையும் எண்ணுங்கள். சாதாரண யூஎஸ்பி குறைந்தது இரண்டு, எச்டிஎம்ஐ ஒன்று. இன்றைய மடிக்கணினிகளில் டிவிடி தட்டு பெரும்பாலும் வருவதில்லை. ஒவ்வொரு தமிழ் வீட்டு அலுமாரியிலும் கலியாணம், சாமத்தியவீடு, அரங்கேற்றம் என்று டிவிடிகள் அடுக்கிக் கிடக்கின்றன. வெளியே இணைக்கும் டிவிடி கருவி ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள், பெரிய விலை இல்லை. வீட்டில் பதிவு செய்த டிவிடிகள் காலம் போகப் போகப் பழுதாகும் என்பதால், அதையும் தள்ளிப்போடாமல் படியெடுப்பது நல்லது.

“லண்டனிலை மலிவு, வரேக்கை கொண்டுவாறன்” என்று ஒருவர் சொல்லாத குடும்பம் இருக்காது. எங்களுக்கும் சொன்னார்கள். பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகியபின், அங்கிருந்து விமானத்தில் வரும் ஒருவர் 430 யூரோ பெறுமதிக்குள்தான் வரியில்லாமல் பொருள் கொண்டுவரலாம். அதற்கு மேல் யேர்மனியில் வரி வரும். பழுதானால் உத்தரவாதத்துக்கு யாரிடம் போவது என்ற கேள்வியும் இருக்கிறது. இங்கே புதிய பொருளுக்கு விற்றவரே இரண்டு ஆண்டு சட்டப்படி பொறுப்பு. இணையத்தில் வாங்கினால் 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பி அனுப்பலாம்.

நாங்கள் கடைசியில் புதிதாக வாங்கவில்லை. நிறுவனங்கள் சில ஆண்டுகள் பாவித்துவிட்டுக் கொடுக்கும் மடிக்கணினிகளைச் சுத்தம் செய்து விற்கும் ஒரு கடையில், 14 அங்குலம், 16 ஜிகாபைட் நினைவகம், ரைசன் 5 உள்ள ஒன்றை வாங்கினோம். அலுவலகப் பாவனைக்காகச் செய்யப்பட்டவை உறுதியானவை, விசைப்பலகையும் நல்லது. புதியதன் பாதி விலை அளவில் முடிந்தது. இப்படியானவற்றுக்கு உத்தரவாதத்தை ஓர் ஆண்டாகக் குறைக்கச் சட்டம் இடமளிக்கிறது, மின்கலமும் கொஞ்சம் தேய்ந்திருக்கும். வரவேற்பறையில் மின்செருகியோடு இருக்கப்போகும் கணினிக்கு அது பெரிதில்லை. செயலி எந்த ஆண்டுக்குரியது, விண்டோஸ் 11 உரிமத்துடன் வருகிறதா என்பதை மட்டும் எழுத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய பெரிய திரையை எறியவில்லை. மடிக்கணினியின் 14 அங்குலத்தில் அப்பா சிரமப்படுவார் என்று அதையே இணைத்தோம். திரையில் எச்டிஎம்ஐ இருக்கவில்லை, டிவிஐ இருந்தது. சில யூரோவுக்கு ஒரு மாற்றி வாங்கினால் போதுமாயிருந்தது. தேய்ந்துபோன பழைய விசைப்பலகையும் யூஎஸ்பியில் சேர்ந்துகொண்டது. ஆக, அப்பாவின் கண்ணுக்கும் கைக்கும் கணினி மாறியதே பெரிதாகத் தெரியவில்லை. காலையில் பொத்தானை அமத்தியதும் திரை வந்துவிடுவதுதான் அவருக்குக் குறை. விளக்கேற்ற நேரமில்லை என்கிறார்.

ஒன்றை வலியுறுத்திச் சொல்ல வேண்டும். புதிய விண்டோஸ் 11 கணினிகளை மைக்ரோசொப்ட் கணக்குடன் தொடங்கும்போது வட்டு பெரும்பாலும் தானாகவே பூட்டப்பட்டுவிடும். திருடன் கையில் அகப்பட்டால் நல்லது. ஆனால் கணினி ஏதோ காரணத்தால் கேட்கும்போது 48 இலக்க மீட்பு எண் ஒன்றைக் கொடுக்க வேண்டும். அது அந்தக் கணக்கில் இருக்கும். கணக்கு யாருடையது? மகன் தன் பழைய மின்னஞ்சலில் தொடங்கிக் கொடுத்துவிட்டு மறந்திருப்பான். அல்லது கணக்குத் திறந்த அப்பாவே இல்லாமல் போயிருப்பார். கடவுச்சொல் அவரோடு போயிருக்கும். படங்கள் எல்லாம் உள்ளே இருக்கும், ஒருவராலும் திறக்க முடியாது. அந்த எண்ணை அச்சிட்டு, கடவுச்சீட்டு வைக்கும் கோப்பில் வையுங்கள். வீட்டில் இன்னொருவருக்கு இடத்தைச் சொல்லுங்கள். நாங்கள் முதல் நாளே செய்தோம்.

படியெடுப்பதற்குத் துறைசார்ந்தவர்கள் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனத்தில், ஒன்று வீட்டுக்கு வெளியே. எங்களுக்கு வெளியே வைப்பது சிரமமாக இருக்கவில்லை. ஒரு பிரதி மடிக்கணினியில். ஒன்று வெளி வன்தட்டில், மாதம் ஒருமுறை செருகி, படியெடுத்து, கழற்றி வைக்கிறோம். செருகியே வைத்தால் கணினியைத் தாக்கும் நச்சுநிரல் அதையும் தாக்கும். மூன்றாவது பிரதி ரொறன்ரோவில் சித்தப்பா வீட்டில் இருக்கிறது. கோடைவிடுமுறைக்கு வந்தவரிடம் சிறிய எஸ்எஸ்டி ஒன்றில் கொடுத்துவிட்டோம். அவர் தன்னுடைய படங்களை ஒன்றில் கொண்டுவந்து எங்களிடம் தந்திருந்தார். அதில் எங்களிடம் இல்லாத அம்மம்மாவின் படம் இரண்டு இருந்தது. குரல் இல்லை. கேட்டுப் பார்த்தோம்.

பழைய பெட்டியை இன்னும் கொடுக்கவில்லை. நிலவறையில் இருக்கிறது. அதன் வன்தட்டைக் கழற்றி எடுத்தாயிற்று, நான்கு திருகாணிதான். கோப்பை அழிப்பதால் தரவு அழிந்துவிடாது என்பதால், வட்டோடு யாரும் கணினியைக் கொடுக்க வேண்டாம். கழற்றிய வட்டைப் பழைய பிஸ்கட் தகரப்பெட்டி ஒன்றில் வைத்து, மேலே திகதியையும் உள்ளே என்ன இருக்கிறது என்பதையும் அப்பா தன் கையெழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறார்.

பயிற்சித் தாள்கள் முழுவதையும் ஒருங்குறிக்கு மாற்றியாயிற்று. அம்மாவின் நினைவு மலரில் இன்னும் பதினான்கு பக்கம் இருக்கிறது. ஒரு நாளைக்கு ஒரு பக்கத்துக்கு மேல் பார்க்க மாட்டேன் என்று அப்பா சொல்லிவிட்டார்.